போரிலிருந்து திரும்பியவர்களின் நினைவையும் மன வடுவையும் உண்மையாகக் காட்டிய படம் எது?

போர்ப் படங்களின் மேல் எனக்கு ஒரு பழைய மனக்குறை உண்டு. ஊர் திரும்பிய படைவீரன் நள்ளிரவில் திடுக்கிட்டு எழுவான். உடனே ஃபிளாஷ்பேக். குண்டு எங்கே விழுந்தது, நண்பன் எப்படிச் செத்தான், எல்லாம் வரிசை மாறாமல், பின்னணி இசையோடு ஓடும். அவன் தலைக்குள் யாரோ கேமராவை வைத்துவிட்டு வந்தது போல இருக்கும். எங்கள் கல்யாணத்தன்று மழை பெய்ததா இல்லையா என்பதையே நானும் என் மனைவியும் இருபது வருடமாக இரண்டு விதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். குண்டுகளுக்கு நடுவே நின்ற பத்தொன்பது வயதுப் பையனுக்கு மட்டும் எல்லாம் அச்சுப் பிசகாமல் எப்படி நினைவிருக்கும்?

அதனால் என் பதில், இஸ்ரேலிய இயக்குநர் அரி ஃபோல்மன் 2008இல் எடுத்த ‘வால்ட்ஸ் வித் பஷீர்’. ஆவணப்படம்தான், ஆனால் அனிமேஷன். ஃபோல்மன் 1982 லெபனான் போரில் சிப்பாயாக இருந்தவர். அந்த ஆண்டு செப்டம்பர் 14 அன்று, லெபனானின் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த பஷீர் ஜெமாயெல் குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார். 16ஆம் தேதி மாலை, அவருடைய ஃபலாஞ்சிஸ்ட் படையினர் (இஸ்ரேலோடு கூட்டு வைத்திருந்த லெபனான் கிறிஸ்தவ ஆயுதக் குழு) பெய்ரூட்டின் சப்ரா, ஷதீலா அகதி முகாம் பகுதிக்குள் புகுந்தார்கள். 18ஆம் தேதி காலை வரை பாலஸ்தீனர்களையும் அங்கே வாழ்ந்த ஏழை லெபனானியர்களையும் கொன்று குவித்தார்கள். முகாம்களைச் சுற்றி வளைத்து நின்றது இஸ்ரேலிய ராணுவம். இரவில் வெளிச்சக் குண்டுகளை ஏவி வானத்தைப் பகலாக்கியதும் அதுதான். ஃபோல்மனும் அப்போது பெய்ரூட்டில் இருந்தார். ஆனால் அந்த நாட்கள் அவருக்குத் துளியும் நினைவில்லை.

படம் நாய்களோடு தொடங்குகிறது. மஞ்சள் வானத்தின் கீழ் 26 நாய்கள் வெறிகொண்டு ஓடி வந்து ஒரு ஜன்னலுக்குக் கீழே நின்று குரைக்கின்றன. அது ஃபோல்மனின் நண்பருக்குத் திரும்பத் திரும்ப வரும் கனவு. இரவில் படை கிராமங்களுக்குள் நுழையும்போது நாய்கள் குரைத்துக் காட்டிக்கொடுத்துவிடும். இவரால் மனிதரைச் சுட முடியாது என்று தெரிந்ததால், நாய்களைச் சுடும் வேலையை இவரிடம் கொடுத்தார்கள். 26 நாய்களைக் கொன்றார். ஒவ்வொன்றின் முகமும் நினைவிருக்கிறது என்கிறார். ஒன்றைக்கூட மறக்க முடியாத இவரும், ஒன்றுமே நினைவில்லாத ஃபோல்மனும் மதுவிடுதியில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். மன வடுவைப் பற்றி நான் படித்த எந்தக் கட்டுரையும் இந்த ஒரு மேசை அளவுக்கு எனக்கு விளக்கியதில்லை.

அன்றிரவே ஃபோல்மனுக்கு ஒரு காட்சி தோன்றுகிறது. பெய்ரூட் கடலிலிருந்து அவரும் இன்னும் சில பையன்களும் நிர்வாணமாக, துப்பாக்கியோடு எழுந்து கரைக்கு வருகிறார்கள். வெளிச்சக் குண்டுகள் மெல்ல இறங்கிக்கொண்டிருக்கின்றன. இதைப் பிடித்துக்கொண்டு அவர் பழைய தோழர்களைத் தேடிப் போகிறார். படத்தில் இந்தக் காட்சி பலமுறை திரும்பி வருகிறது, ஒரு சாட்சிகூட அதை உறுதிப்படுத்துவதில்லை. வேறு எந்தப் படமாக இருந்தாலும் கடைசியில் முடிச்சை அவிழ்த்திருப்பார்கள்.

நண்பர் ஒருவர் ஒரு சோதனையைச் சொல்கிறார். ஒருவரின் சிறுவயதுப் படங்களோடு, அவர் போகவே போகாத பொழுதுபோக்குப் பூங்காவில் நிற்பது போல ஒட்டித் தயாரித்த படத்தையும் காட்டினால், பெரும்பாலானவர்கள் அன்று நடந்ததை விவரிக்கத் தொடங்கிவிடுகிறார்களாம். இது சினிமாக் கதையல்ல. 2002இல் வெளியான ஓர் ஆய்வில், வெப்பக்காற்று பலூனில் பறப்பது போன்ற போலிப் படத்தை 20 பேரிடம் காட்டினார்கள். மூன்று சந்திப்புகளுக்குள் பாதிப் பேர், நடக்காத அந்தப் பயணத்தை முழுதாகவோ கொஞ்சமாகவோ நினைவுகூர்ந்தார்கள்.

என்னை அதிகம் உலுக்கியது மனநல நிபுணர் ஒருவர் சொல்லும் கதை. புகைப்பட ஆர்வமுள்ள ஓர் இளைஞன் போர் முழுவதையும் கற்பனைக் கேமராவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பார்த்திருக்கிறான். குண்டுகள், காயங்கள், அலறல் எல்லாம் அவனுக்கு வெறும் ‘ஷாட்’. பெய்ரூட் குதிரைப் பந்தய மைதானத்தில் செத்தும் சாகாமலும் கிடந்த குதிரைகளைப் பார்த்த நொடியில் அந்தக் கேமரா உடைந்துவிட்டது. திரை முழுவதும் ஒரு குதிரையின் கண், அதில் ஈக்கள்.

‘உண்மையைக் கார்ட்டூனாக வரைவதா?’ என்று கேட்பவர்கள் உண்டு. வரைந்ததால்தான் பேச முடிந்தது என்பது என் கட்சி. படத்தில் வரும் தோழர்களில் இருவருக்கு நடிகர்கள்தான் குரல் கொடுத்தார்கள். நிஜ முகங்களைக் காட்டினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்க இயக்குநர் ஜான் ஹூஸ்டன் சாட்சி. இரண்டாம் உலகப் போரில் மனம் சிதைந்து வந்த அமெரிக்க வீரர்களை மருத்துவமனையிலேயே படம்பிடித்து 1946இல் ஓர் ஆவணப்படத்தை முடித்தார். அமெரிக்க ராணுவம் அதை 1980 வரை பூட்டி வைத்தது.

குறை இல்லாமல் இல்லை. இஸ்ரேலில் இப்படிப்பட்ட படைப்புகளை ‘சுட்டுவிட்டு அழுவது’ என்று கிண்டல் செய்வார்கள். அது இங்கேயும் ஓரளவு பொருந்தும். இந்தப் படுகொலையை விசாரிக்க இஸ்ரேலிய அரசு அமைத்த கஹான் விசாரணைக் குழு 1983இல் இஸ்ரேலுக்கு மறைமுகப் பொறுப்பு உண்டு என்றது, பாதுகாப்பு அமைச்சராக இருந்த ஏரியல் ஷரோனுக்குத் தனிப்பட்ட பொறுப்பு உண்டு என்றும் சொன்னது. படமோ சிப்பாயின் தூக்கத்தைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுகிறது. பாலஸ்தீனர் குரல் கடைசி நிமிடங்களில்தான் கேட்கிறது. அங்கே அனிமேஷன் அறுந்து நிஜச் செய்திப்படம் வருகிறது, பிணங்களுக்கு நடுவே பெண்கள் கதறுகிறார்கள். அந்த அரபுக் கதறலுக்கு சப்டைட்டில் கிடையாது.

அந்த முடிவு கறுப்பு வெள்ளை என்று வருடக்கணக்கில் பலரிடம் சொல்லியிருக்கிறேன், ஒருமுறை பந்தயம்கூடக் கட்டினேன். இந்தப் பதிலுக்காகப் போன வாரம் மறுபடி பார்த்தேன். வண்ணத்தில்தான் இருக்கிறது.

ஹீப்ரு மொழிப் படம், சுமார் 90 நிமிடம். அனிமேஷன்தானே என்று பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துவிடாதீர்கள்.