சிப்பிப்பாறைக்கு விலா தெரிவது இயல்பா?

தயிர்சோறு போட்டு வளர்க்கும் உங்கள் சிப்பிப்பாறை நாய்க்கு விலா தெரிகிறதே என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி இரண்டு மூன்று விலா லேசாகத் தெரிவது இந்த ஒல்லியான வேட்டைநாய் இனத்துக்கு இயல்புதான். ஒன்றேகால் வயதில் தினமும் சேலம் மூக்கனேரி ஏரிக்கரையில் ஓடும் நாய் லேப்ரடார் மாதிரி உருண்டிருக்காது. பக்கத்து வீட்டார் ‘பட்டினி போடுறீங்களா’ என்று கேட்டதற்காகச் சோற்றை இரட்டிப்பாக்காதீர்கள்.

கண்ணால் பார்ப்பதைவிடக் கையால் தடவிப் பாருங்கள். உள்ளங்கையைக் கீழே பார்த்து விரித்து, புறங்கை விரல் எலும்புகளைத் தடவுங்கள். விலாவும் அப்படித் தட்டுப்பட்டால் சரி. முஷ்டி மடக்கிய கணுக்கள் போலத் துருத்தினால் அளவுக்கு மீறி இளைத்துவிட்டது என்று பொருள். முதுகெலும்பும் இடுப்பெலும்பும் கூர்மையாக நின்றாலும், தொடைச் சதை வற்றினாலும் அப்படித்தான்.

அப்படி இருந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது தயிர்சோறு. வயிறு நிறையும், ஓடுகிற உடம்புக்குப் புரதம் போதாது. சோற்றைக் கொஞ்சம் குறைத்து, வேகவைத்த கோழிக்கறியும் முட்டையும் சேருங்கள். வெந்த எலும்பு மட்டும் வேண்டவே வேண்டாம், குடலைக் கிழித்துவிடும். அப்புறம், குடற்புழு மருந்து கொடுத்து மூன்று மாதம் தாண்டிவிட்டதா பாருங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரே தராசில் எடை போட்டுக் குறித்து வையுங்கள்.

நன்றாகத் தின்றும் எடை இறங்கினால், ஈறு வெளுத்திருந்தால், சோர்ந்து படுத்தால் தீனியை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போங்கள்.