பல்லைகக்கழகம்

அன்புள்ள ஐயா,

வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. சொல்லின் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் சரியாக இருந்தால் போதும், நடுவில் எப்படிக் கலைத்தாலும் படித்துவிடலாம் என்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் கண்டுபிடித்ததாம். அப்படிக் கலைத்தே எழுதியிருந்த அந்த ஆங்கிலப் பத்தியைத் தடுமாறாமல் படித்தேன். பிரெஞ்சிலும் செய்து பார்த்தேன், வந்தது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழில் எழுதிக் கொடுத்தால் ஒருவருக்கும் வரவில்லை. தமிழ் எழுத்தில் இது நடக்காதா?

தமிழாசிரியை, ரோஸ் ஹில், மொரீஷியஸ்

அன்புள்ள ஆசிரியைக்கு,

தலைப்பை எப்படிப் படித்தீர்கள்? 'பல்கலைக்கழகம்' என்றுதான் கண் போயிருக்கும். ஆக, தமிழிலும் நடக்கும்.

அந்தச் செய்தி 2003-இல் மின்னஞ்சலில் கிளம்பியது, இன்னும் சாகவில்லை. கேம்பிரிட்ஜில் அப்படி ஓர் ஆய்வு நடக்கவில்லை. இதற்குப் பக்கத்தில் வருவது கிரஹாம் ராலின்சன் 1976-இல் நாட்டிங்ஹாமில் எழுதிய முனைவர் பட்ட ஆய்வேடு. படிக்க முடிகிறது என்றாலும் சும்மா முடிவதில்லை. 2006-இல் உளவியலாளர் கீத் ரேய்னர் குழுவினர் அளந்தபோது, நடு எழுத்துகள் இடம் மாறினால் வாசிப்பு வேகம் 11 சதவீதம் குறைந்தது. கடைசி எழுத்துகள் மாறினால் 26, முதல் எழுத்துகள் மாறினால் 36. அந்தப் பத்தியில் இரண்டு மூன்று எழுத்துச் சொற்கள் கலையாமல் அப்படியே நிற்பதையும் பாருங்கள். பாதிச் சுமையை அவையே தூக்கிவிடுகின்றன.

சரி, தமிழ். நீங்கள் கலைத்த விதம் எனக்குத் தெரியாது. கொம்பையும் காலையும் பிய்த்துப் போட்டிருந்தால் எழுத்தே உடைந்துவிடும், யாருக்கும் வராது. முழு எழுத்தாக இடம் மாற்றினால் நீண்ட சொல் தாங்கும். 'ஆரிசியர்' என்று கூப்பிட்டு எழுதினால் நீங்களே திரும்பிப் பார்ப்பீர்கள். சின்னச் சொல் காலை வாரிவிடும். 'நகரம்' நடுவில் புரண்டால் 'நரகம்'. (மாலை நாலு மணிக்கு நம் தலைநகர் போர்ட் லூயிஸில் இரண்டும் ஒன்றுதான்.)

ஆனால் உங்கள் வகுப்பில் நடந்தது இதுவல்ல என்று நினைக்கிறேன். கலைந்த எழுத்துகளைக் கண் மொத்தமாக அள்ளி, ஏற்கெனவே மனதில் இருக்கும் சொல்லோடு பொருத்துகிறது. சொல்லே உள்ளே இல்லையென்றால் எதோடு பொருத்துவது? நம் பிள்ளைகளுக்கு வீட்டில் கிரியோல், பள்ளியில் ஆங்கிலமும் பிரெஞ்சும். பாடப்புத்தகத்துக்கு வெளியே அவர்கள் கண்ணில் படும் தமிழ், கோயில் பலகையும் நம் மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் இருக்கும் தமிழ் வரியும்தான். (அந்த வரி 1998-இல் இந்திக்குக் கீழே இறங்கியதற்கு எவ்வளவு சண்டை! நோட்டையே திரும்பப் பெற்றார்கள். அந்த வரியை எத்தனை பேர் படித்துப் பார்த்திருப்பார்கள் என்று கேட்டால் என்னை அடிக்க வருவார்கள்.) எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கு ஓர் எழுத்து இடம் மாறினாலும் அது வேறு சொல்தான். பிரெஞ்சில் அப்படித் திணற மாட்டார்கள்.

அடுத்த வாரம் அவர்கள் காதில் ஊறிய சொற்களாகக் கொடுத்துப் பாருங்கள். 'மாயரிம்மன்', 'தைபூப்சம்'. அதிலும் தடுக்கி நின்றால் எழுதுங்கள், நான் சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன்.