கிளாஸுக்குள் நெல்லிக்காய்

அன்புள்ள ஐயா,

அலுவலக நண்பர்கள் மாதம் ஒருமுறை கூடி ஒயின் ருசித்து மார்க் போடுகிறோம். போன முறை நியூசிலாந்து சாவினியோன் பிளாங்க் என்ற வெள்ளை ஒயின். எல்லாரும் 91, 92 போட்டார்கள், நான் 80. குறிப்பு அட்டையில் 'கூஸ்பெரி மணம்' என்றிருந்தது. சின்ன வயதிலிருந்து நெல்லிக்காய் தின்றவன், எனக்கு அது தட்டுப்படவே இல்லை. என் நாக்கில் குறையா? சிவப்பு ஒயினை எத்தனை டிகிரியில் குடிக்கவேண்டும்?

ரவி, உட்லண்ட்ஸ்

அன்புள்ள ரவி,

டிகிரியை முதலில் முடித்துவிடுகிறேன். 'அறை வெப்பநிலை' என்று எழுதியிருப்பது குளிர்நாட்டு அறையை, 16 முதல் 18 டிகிரி. உங்கள் சிங்கப்பூர் வீவக அடுக்குமாடி வீட்டு அறையை அல்ல. அரைமணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

மார்க்கை விடுங்கள். அமெரிக்க ஒயின் விமர்சகர் ராபர்ட் பார்க்கரின் 100 மார்க் முறையில், கிளாஸில் வந்து உட்கார்ந்தாலே 50 உண்டு. கலிபோர்னியா மாநிலக் கண்காட்சியின் ஒயின் போட்டியில் ராபர்ட் ஹாட்ஜ்சன் என்பவர் ஒரே புட்டியிலிருந்து மூன்று முறை ஊற்றிக் கொடுத்து நடுவர்களையே சோதித்தார். 2008இல் வந்த முடிவு: மூன்று முறையும் ஒரே பதக்கம் கிடைக்கும் வரம்புக்குள் மார்க் போட்டவர்கள் பத்தில் ஒருவர்தான்.

ஆனால் அந்த நெல்லிக்காய்! கூஸ்பெரி ஐரோப்பாவில் முள்செடியில் காய்ப்பது. நம் நெல்லிக்கு அது பங்காளிகூட இல்லை. வெள்ளைக்காரன் நெல்லியைப் பார்த்து 'இந்தியன் கூஸ்பெரி' என்றான். நீங்கள் அதைத் திருப்பிப் போட்டுக்கொண்டு கிளாஸுக்குள் மூக்கை விட்டுத் துழாவியிருக்கிறீர்கள். இல்லாதது எப்படிக் கிடைக்கும்? 'இல்லை' என்று மூக்கு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. அதை நம்பாமல் அட்டையை நம்பிவிட்டு, நாக்கில் குறையா என்று எனக்குக் கடிதம் வேறு. நல்ல ஆள் ஐயா நீங்கள்.

தேக்கா மார்க்கெட்டில் கொய்யா வாங்கும்போது அம்மா பழத்தை அமுக்கவே மாட்டார். தலைகீழாகத் திருப்பி, அடிப்பக்கத்தை மூக்கருகே வைத்து ஒரே இழுப்பு. "இது இன்னைக்கு, இது நாளன்னைக்கு" என்று பிரித்துக் கூடையில் போடுவார். கடைக்காரர் முறைப்பார். முதல்முதலாக சாவினியோன் பிளாங்கை முகர்ந்தபோது என் வாயிலிருந்து தானாக வந்த சொல் 'கொய்யா'. மேசையில் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன், அதுதான் இன்றும் உறுத்துகிறது. அப்புறம்தான் படித்தேன்: கொய்யாவிலும் பேஷன் பழத்திலும் இருக்கிற அதே கந்தகச் சேர்மங்கள் அந்த ஒயினிலும் உண்டாம்.

அடுத்த கூட்டத்துக்குப் பழுத்த கொய்யா ஒன்று வாங்கிக்கொண்டு போங்கள். அடிப்பக்கத்தை முகர்ந்து பார்த்து வாங்குங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.