பயமுறுத்தினால் திருந்துவார்களா?

கேள்வி: எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் நான். மாலையானால் பதினைந்து, பதினாறு வயதுப் பையன்கள் சிலர் தெருமுனையில் கூடிவிடுகிறார்கள். ஒரே சத்தம், அவ்வப்போது கைகலப்பு. போன மாதம் தெருவிளக்கு ஒன்றை உடைத்துவிட்டார்கள். அந்த வழியாக நடக்கவே பெண்கள் தயங்குகிறார்கள். ஒருநாள் சிறைச்சாலையைக் கூட்டிப்போய்க் காட்டினால் புத்தி வரும் என்கிறார்கள் உறுப்பினர்கள். செய்யலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: வேண்டாம். 1970-களிலேயே அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் இதைச் செய்து பார்த்துவிட்டார்கள். சிறுவர்களைச் சிறைக்குள் அழைத்துப்போய், ஆயுள் கைதிகளை விட்டு மிரட்டச் சொன்னார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் பிடித்துப்போய்ப் பல இடங்களுக்கும் பரவியது. பிறகு ஆய்வாளர்கள் சிறுவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து ஒப்பிட்டார்கள். போகாதவர்களைவிடப் போய்வந்தவர்கள்தான் பின்னால் அதிகம் குற்றங்களில் சிக்கினார்கள். எனக்கு இதில் ஆச்சரியமில்லை. பயமே இல்லாததுபோல் நண்பர்கள் முன்னால் காட்டிக்கொள்ளும் வயது அது. போதாததற்கு, இவர்கள்தான் கெட்டவர்கள் என்று ஊரே முத்திரையும் குத்திவிடுகிறது.

அந்தப் பையன்களை மட்டும் பொறுக்கியெடுத்து அறிவுரை வகுப்பு வைக்கவும் வேண்டாம். உங்கள் அறிவுரையைக் கேட்பதைவிட, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனிடம் கற்றுக்கொள்வதே அதிகமாக இருக்கும்.

சிகாகோவில் 2012 கோடையில் வேறு மாதிரி முயன்றார்கள். வன்முறை அதிகமுள்ள பகுதிகளின் பள்ளி மாணவர்களுக்கு எட்டு வாரம் சம்பளத்தோடு பகுதிநேர வேலை. கூடவே வழிகாட்ட ஒரு பெரியவர். அடுத்த 16 மாதங்களில், வேலை கிடைத்தவர்கள் வன்முறைக் குற்றங்களுக்காகக் கைதானது, கிடைக்காதவர்களைவிட 43 சதவீதம் குறைவு. அந்தக் குறைவில் பெரும்பகுதி வேலை முடிந்த பிறகு வந்தது என்பதுதான் முக்கியம். ‘சும்மா இருந்தால்தான் வம்பு, ஏதாவது வேலை கொடுத்து அடைத்து வை’ என்ற கணக்கு இங்கே சரிவராது. வேலை முடிந்தும் அவர்களிடம் ஏதோ மிஞ்சியிருக்கிறது.

எட்டு வாரச் சம்பளத்துக்குச் சங்கத்தில் பணம் இருக்காது, சரி. ஆனால் சின்னதாக ஒரு தொகையை ஒதுக்கி, அதை என்ன செய்வது என்று அவர்களையே முடிவு செய்யச் சொல்லலாம். பந்து விளையாட இடமா, படிக்க ஓர் அறையா, மாலையில் செய்யக் கூலியோடு ஏதாவது வேலையா? உங்கள் கூட்டத்துக்கு அவர்களில் இரண்டு பேரைக் கூப்பிடுங்கள். நாற்காலி தூக்க இல்லை, பேச. பேசியதைக் குறிப்பேட்டிலும் எழுதுங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறை வரமாட்டார்கள்.

அப்புறம், உங்கள் கடிதத்தில் பையன்கள் வருகிறார்கள், நடக்கத் தயங்கும் பெண்கள் வருகிறார்கள். அதே வயதுப் பெண் பிள்ளைகள் என்ன நினைக்கிறார்கள் என்று மட்டும் இல்லை. எந்த இடம், எந்த நேரம் பயமாக இருக்கிறது என்பதை அவர்களைவிடத் துல்லியமாக யாரும் சொல்ல முடியாது. முதலில் அந்த விளக்கைச் சரிசெய்யுங்கள். யாராவது பெண்களைச் சீண்டினால் அதைக் குறும்பு என்று மழுப்ப வேண்டாம். அது போலீஸில் புகார் கொடுக்க வேண்டிய விஷயம்.

பெரியவர்களுக்கும் வேலை இருக்கிறது. ஐஸ்லாந்தில் 1998-ல் 15, 16 வயதினரில் 42 சதவீதம் பேர் முந்தைய மாதத்தில் குடித்துப் போதையேறியதாகச் சொன்னார்கள். 2016-ல் அது 5 சதவீதம். விளையாட்டு, இசை வகுப்புகளுக்கு உதவித்தொகை கொடுத்தார்கள். பெற்றோர்கள் இரவில் குழுவாகத் தெருவில் நடந்தார்கள். பதினெட்டு வருடம் ஆனது என்பதையும் கவனியுங்கள். உங்கள் உறுப்பினர்களும் வாரம் இருமுறை அந்தத் தெருமுனை வழியே நடக்கலாம். மிரட்ட அல்ல, பெயர் கேட்டு, நின்று நாலு வார்த்தை பேச.

‘பணத்தைக் கொடுத்தால் ஏப்பம் விட்டுவிடுவார்கள்’ என்று கூட்டத்தில் யாராவது கட்டாயம் சொல்வார். சங்கப் பொருளாளரிடம் வரவு செலவு கேட்பீர்கள் அல்லவா? அதே கேள்விகளை, அதே குரலில் அவர்களிடமும் கேளுங்கள்.