பிரஷரும் எலும்பு மெலிவும் சேர்ந்த பெரியவர்கள்: வீட்டுப் பராமரிப்பு, கேள்வி பதில்

அரசு மருத்துவமனை எலும்பு முறிவு வார்டில் பல வருஷம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவள் நான். பிரஷர் மாத்திரை போடும் பெரியவர்களை வீட்டில் வைத்துப் பார்ப்பவர்கள் கேட்டிருந்த கேள்விகளுக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

சிஸ்டர், என் மாமியாருக்கு 72 வயசு. பிரஷருக்கு ரெண்டு மாத்திரை போடுறாங்க. ராத்திரி பாத்ரூம் போக எழுந்தப்போ விழுந்து மணிக்கட்டு உடைஞ்சுது. எலும்பு மெலிஞ்சிருக்குன்னு டாக்டர் சொன்னார். மறுபடி விழாம எப்படிப் பார்த்துக்கறது?

முதலில் அவரிடம் ஒன்று கேளுங்கள் அம்மா: கால் வழுக்கியதா, எழுந்ததும் கண் இருட்டியதா? பெரும்பாலும் யாரும் இதைக் கேட்பதே இல்லை. இருட்டியது என்றால், ஐந்து நிமிஷம் படுக்க வைத்து பிரஷர் பாருங்கள். பிறகு பிடித்தபடி நிற்க வைத்து ஒரு நிமிஷத்திலும் மூன்றாவது நிமிஷத்திலும் பாருங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் தாளில் குறித்து டாக்டரிடம் காட்டுங்கள். மாத்திரையின் அளவையோ நேரத்தையோ அவர் மாற்றுவார். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நீர் பிரியும் மாத்திரையை ராத்திரி போடுகிறாரா என்றும் பாருங்கள். அப்படியென்றால் காலைக்கு மாற்றலாமா என்று கேளுங்கள், ராத்திரி எழுவது குறையும்.

எழும்போது கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, காலைத் தொங்கவிட்டு, பாதத்தைப் பத்துத் தடவை மேலும் கீழும் அசைக்கட்டும். பிறகு எதையாவது பிடித்து நின்று, இருபது எண்ணிவிட்டு நடக்கட்டும். வார்டில் நான் பாட்டிமார்களை எழுப்பி நிறுத்தும்போது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ளச் சொல்வேன். "இருட்டுதும்மா" என்று வாய் சொல்வதற்கு முன்பே அவர்கள் விரல்கள் இறுகும். இறுகினால் உடனே உட்கார வைத்துவிடுவேன். உங்கள் கையையும் அப்படிக் கொடுத்துப் பாருங்கள்.

பாத்ரூம் வாசலில் கிடக்கும் பழைய சேலை மிதியடியை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். போகும் வழியில் ஒரு சின்ன விளக்கு ராத்திரி முழுக்க எரியட்டும். மணிக்கட்டு முறிந்தது ஒரு முன்னறிவிப்பு. அடுத்த விழுகையில் இடுப்பு எலும்பே முறியலாம், அதைத்தான் நாம் தடுக்க வேண்டும்.

வீட்டு மிஷின்ல ஒவ்வொரு தடவையும் வேற வேற அளவு காட்டுது. எதை நம்புறது?

அளவு கொஞ்சம் மாறுவது இயல்பு. காபி குடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் பட ஐந்து நிமிஷம் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். பட்டையை ரவிக்கைக் கையின் மேல் சுற்றாதீர்கள், வெறும் கையில் நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும். பருத்த கைக்குச் சின்னப் பட்டை போட்டால் பிரஷர் கூடுதலாகக் காட்டும். இரண்டு தடவை பார்த்து இரண்டையும் எழுதுங்கள்.

அக்கா, அம்மா முதுகு வலிக்கு மெடிக்கல்ல டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடுறாங்க. பிரஷர் இறங்கவே மாட்டேங்குது.

காரணம் அந்த மாத்திரையாகவே இருக்கலாம். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் வகை உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி பிரஷரை ஏற்றும். சில பிரஷர் மாத்திரைகளோடு சேர்ந்தால் சிறுநீரகத்தையும் பாதிக்கும். வலிக்கு என்ன போடலாம் என்று டாக்டரிடம் கேளுங்கள், பாராசிட்டமால் போதுமா என்றும் கேளுங்கள். திடீரென்று வந்த முதுகு வலி என்றால் எக்ஸ்ரே அவசியம். எலும்பு மெலிந்தவர்களுக்குக் குடத்தைத் தூக்கினாலே முதுகெலும்பு நசுங்கிவிடலாம்.

வாரம் ஒரு தடவை போடும் எலும்பு மாத்திரையால நெஞ்சு எரியுது.

அலெண்ட்ரோனேட் என்று நினைக்கிறேன். காலையில் வெறும் வயிற்றில், ஒரு பெரிய டம்ளர் வெறும் தண்ணீரோடு விழுங்க வேண்டும். காபியோடு கூடாது. அரை மணி நேரம் படுக்கவும் கூடாது, சாப்பிடவும் கூடாது. கால்சியம் மாத்திரையை அதோடு சேர்க்காதீர்கள். இவ்வளவும் செய்தும் எரிந்தால், விழுங்கும்போது வலித்தால், அடுத்த மாத்திரைக்கு முன் டாக்டரைப் பாருங்கள்.

கேழ்வரகு கொடுக்கலாமா?

தாராளமாக. 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. கூழுக்குத் தொட்டுக்கொள்ள ஊறுகாயும் கருவாடும் வேண்டாம். ஒரு நாள் உப்பு மொத்தமே 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள். உப்பு கூடினால் பிரஷர் ஏறுவதோடு சிறுநீரில் கால்சியமும் கூடுதலாகப் போகும்.

அப்பாவுக்கு 80 வயசு. வழுக்கி விழுந்ததிலிருந்து ஒரு கால் குட்டையா, வெளிப்பக்கம் திரும்பிக் கிடக்கு. பிரஷர் 170. இறங்கட்டும், அதுவரை எண்ணெய்க் கட்டு போடலாம்னு சொந்தக்காரங்க சொல்றாங்க.

தயவுசெய்து காத்திருக்காதீர்கள் தம்பி. இது இடுப்பு முறிவின் அடையாளம். நீவவோ, நடக்க வைக்கவோ கூடாது. காலை அசைக்காமல் 108-ல் கூட்டிப் போங்கள், மாத்திரைச் சீட்டுகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். வலியாலேயே பிரஷர் ஏறும், அதை மருத்துவமனையில் பார்த்துக்கொள்வார்கள். முடிந்தவரை 48 மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை நடப்பது நல்லது. படுத்தே கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும், படுக்கைப்புண் வரும்.

வீட்டுக்கு வந்த பின் படுக்கையிலேயே இருந்தால், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, மருத்துவமனையில் சொல்லிக்கொடுத்தபடி திருப்பிப் படுக்க வையுங்கள். குதிகால் மெத்தையில் படாதபடி கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வையுங்கள். பிட்டத்திலும் குதிகாலிலும் தினம் விரலால் அழுத்திப் பாருங்கள். சிவப்பு வெளுக்காமல் அப்படியே நின்றால் புண் தொடங்கிவிட்டது. தமிழ்நாட்டில் 2021-ல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டம் தொடங்கியது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். பிரஷர் மாத்திரையும் வரும், பிசியோதெரபிஸ்ட்டும் வீட்டுக்கே வருவார்.