பூத்து முடிந்த புரோமிலியாட்: பக்கக்கன்று பிரிப்பது பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: குஸ்மேனியாவின் சிவப்புப் பூ வாடிவிட்டது, அடியிலைகளும் காய்கின்றன. செடியைத் தூக்கிப் போட்டுவிடலாமா?

பதில்: தயவுசெய்து போட்டுவிடாதீர்கள். குஸ்மேனியா, அன்னாசிக் குடும்பமான புரோமிலியாடைச் சேர்ந்த அலங்காரச் செடி. புரோமிலியாட் ஒரு முறை பூத்தால் அந்தச் செடிக்கு அதுதான் கடைசிப் பூ. ஆனால் அது முழுதாகக் காய்ந்துபோக ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். அந்தக் காலத்தில்தான் தன்னை ஒட்டி முளைக்கும் குட்டிச்செடிகளான பக்கக்கன்றுகளை வளர்த்தெடுக்கும். பூத்தண்டை அடியை ஒட்டி வெட்டிவிட்டு, வழக்கம்போல் தண்ணீரும் வெளிச்சமும் கொடுங்கள்.

கேள்வி: கன்று நான்கு விரல் உயரம் வந்துவிட்டது. பிரிக்கலாமா?

பதில்: தாய்ச்செடியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். குறைந்தது மூன்றில் ஒரு பங்கு இருக்க வேண்டும். பாதி வளர்ந்திருந்தால் இன்னும் நல்லது. இலைகள் விரிந்து நடுவில் கிண்ணம் உருவாகியிருந்தால் பயமில்லை. அவசரப்பட்டு எடுக்கும் கன்றுகள்தான் அதிகம் வீணாகின்றன.

கேள்வி: வேரே இல்லாமல் வந்துவிட்டால்?

பதில்: பிழைக்கும். வீட்டில் வளர்க்கும் வகைகளில் பெரும்பாலானவை மரத்தில் தொற்றி வளர்பவை. நடுக்கிண்ணத்தில் நிற்கும் நீரை இலையடியே உறிஞ்சிக்கொள்ளும். வேரின் முக்கிய வேலை பிடிமானம்.

கேள்வி: எங்கே, எப்படி வெட்டுவது?

பதில்: கவனம் தேவைப்படும் இடம் இதுதான். செடியைத் தொட்டியிலிருந்து எடுத்து, கலவையை உதறி, காய்ந்த அடியிலைகளை உரித்தால் கன்று ஒட்டியிருக்கும் இடம் தெரியும். கத்தியை ஸ்பிரிட்டால் துடைத்துக்கொள்ளுங்கள். நியோரெஜீலியா, ஏக்மியா வகைகளில் கன்று கட்டையான ஒரு தண்டின் நுனியில் இருக்கும். தாயை ஒட்டி வெட்டி, அந்தத் தண்டைக் கன்றோடே விடுங்கள். குஸ்மேனியாவில் தண்டு தெரியாது, தாயோடு ஒட்டியே நிற்கும்; தாயின் சதையைக் கொஞ்சம் சேர்த்தே செதுக்கி எடுங்கள். மேலே தள்ளி வெட்டினால் அடிக்கட்டை அறுந்து, வேர்ப்பக்கம் சீவிய வெங்காயம்போல் இலைகள் தனித்தனியாகக் கழன்றுவிடும். விரீசியா சிலவற்றில் கன்று தாயின் நடுவிலேயே முளைக்கும். அதைத் தொடவே வேண்டாம். தாய் காய்ந்ததும் அந்த இடத்தை அதுவே பிடித்துக்கொள்ளும்.

வெட்டுக்காயம் ஒரு நாள் நிழலில் ஆறட்டும். பிறகு 10 செ.மீ. தொட்டியில் சிறு மரப்பட்டைத் துண்டு இரண்டு பங்கு, பெர்லைட் (எடை குறைந்த வெள்ளைக் கல்துகள்) ஒரு பங்கு, தென்னைநார்க் கழிவு ஒரு பங்கு கலந்து நடுங்கள். அடிக்கட்டை மட்டும் புதைந்தால் போதும், இலையடி மேலே நிற்க வேண்டும். ஆழமாகப் புதைத்தால் அழுகல் நிச்சயம். இரண்டு குச்சி கொடுத்து ஆடாமல் கட்டுங்கள். ஆடினால் புது வேர்நுனி முறியும். நேர்வெயில் படாத நல்ல வெளிச்சம், கிண்ணத்தில் கொஞ்சம் தண்ணீர். ஒன்றிரண்டு மாதத்தில், லேசாக இழுத்தால் பிடித்து நிற்கும்.

கேள்வி: நட்ட கன்றின் நடுக்குருத்து கையோடு வந்துவிட்டது, நாற்றமும் அடிக்கிறது. பூஞ்சைக்கு மயில்துத்தம் தெளிக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. மயில்துத்தத்தில் இருப்பது தாமிரம். புரோமிலியாடுக்கு அது நஞ்சு. மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவையும் வேண்டாம், செம்புக் கம்பியால் கட்டவும் வேண்டாம். குருத்து போனபின் அந்தக் கொத்து மேலே வளராது. அடிக்கட்டை கெட்டியாக இருந்தால் நீரைக் கவிழ்த்து வடித்து உலர வையுங்கள், பக்கமொட்டு கிளம்ப வாய்ப்புண்டு. இனி நட்டால் கிண்ணத்து நீரை வாரம் ஒருமுறை கவிழ்த்து மாற்றுங்கள். கொசுப்புழுவுக்கும் அதுவே மருந்து. உரக்குருணையைக் கிண்ணத்துக்குள் போடாதீர்கள்.

கேள்வி: ஆப்பிள் வைத்தால் பூக்குமாமே?

பதில்: உண்மைதான். பழுத்த ஆப்பிள் வெளியிடும் எத்திலீன் வாயு பூக்கத் தூண்டும். கிண்ணத்து நீரை வடித்து, செடியையும் ஆப்பிளையும் ஒரே பிளாஸ்டிக் பைக்குள் கட்டி, வெயில் படாத இடத்தில் ஒரு வாரம் முதல் பத்து நாள் வையுங்கள். பூ தெரிய ஒன்றரை மாதம் முதல் மூன்று மாதம் வரை ஆகலாம். முதிர்ந்த செடிக்கு மட்டுமே இது. கன்று அந்த நிலைக்கு வர ஒன்று முதல் மூன்று ஆண்டுகள் பிடிக்கும்.

கேள்வி: விதை போடலாமா?

பதில்: போடலாம், ஆனால் பூ பார்க்கப் பல ஆண்டுகள் ஆகும். கலப்பினமாக இருந்தால் தாயின் நிறமும் வராது. விதையை மூடாமல் ஈரக்கலவையின் மேல் தூவுங்கள். முளைக்க வெளிச்சம் வேண்டும்.

கேள்வி: அன்னாசிக் கொண்டையையும் இப்படியே நடலாமா?

பதில்: அதுவும் இந்தக் குடும்பம்தான். கொண்டையைத் திருகி எடுத்து, ஒட்டிய சதையை முழுதும் நீக்கி, கீழே இரண்டு மூன்று செ.மீ. அளவுக்கு இலைகளை உரித்து, சில நாள் உலரவிட்டு நடுங்கள். காய்க்க இரண்டு ஆண்டுகள் போல ஆகும். செடியடியில் வரும் பக்கக்கன்று கிடைத்தால் அதையே நடுங்கள், சீக்கிரம் காய்க்கும்.