மட்டியின் செவுளில் வயல் மருந்து: கேள்வி பதில்

மட்டி, ஆளி, சிப்பி இவற்றின் திசுக்களை மெல்லிய சீவலாக வெட்டி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்ப்பது என் வேலை. பூச்சிமருந்து இவற்றை என்ன செய்கிறது என்று பலர் கேட்டிருக்கிறீர்கள்.

செல்வி, நாகர்கோவில்: வயலில் அடிக்கும் மருந்து ஆற்றில் கலந்து நீர்த்துப் போய்விடாதா அம்மா?

நீர்த்துப் போகும்தான். ஆனால் நீர்த்ததைத் திரும்பச் சேர்ப்பதே மட்டியின் பிழைப்பு. ஓடும் தண்ணீரைச் செவுள் வழியே இழுத்து, வடித்து, இரையை எடுத்துக்கொள்ளும். வளர்ந்த ஆளி ஒன்று சூழல் சாதகமாக இருந்தால் நாளொன்றுக்கு 190 லிட்டர் வரை வடிக்கும். 1960களில் அமெரிக்க ஆய்வாளர்கள், நூறு கோடியில் 0.1 பங்கு டி.டி.டி. என்ற பூச்சிமருந்து மட்டுமே கலந்த நீரில் ஆளிகளை 40 நாள் வைத்துப் பார்த்தார்கள். அவற்றின் உடலில் நீரில் இருந்ததைப் போல 70,000 மடங்கு டி.டி.டி. சேர்ந்திருந்தது. மீன் விலகி நீந்திவிடும், சேற்றில் புதைந்த மட்டி எங்கே போகும்?

அருள், கடலூர்: திசுவில் அப்படி என்னதான் தெரியும்?

முதலில் செவுள். நலமான செவுள் சீப்புப் பல்லைப் போல இழை இழையாக நிற்கும். ஓரங்களில் நுண்மயிர் போன்ற குறுஇழைகள் அடர்ந்திருக்கும். தண்ணீரைத் தள்ளுபவை அவையே. மருந்து பட்ட செவுளில் கோழை திரண்டிருக்கும், மேல்தோல் உரிந்து தூக்கி நிற்கும், பல இடங்களில் குறுஇழையே இருக்காது. பக்கத்துப் பக்கத்து இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போகும். மூச்சுக்கும் இரைக்கும் அந்த ஒரே உறுப்புதான்.

அடுத்தது செரிமானச் சுரப்பி. அதன் நுண்குழாய்களைக் குறுக்கே வெட்டினால், தடித்த சுவரும் நடுவில் ஒடுங்கிய துளையுமாகத் தெரிய வேண்டும். நோயுற்றதில் சுவர் மெலிந்து துளை அகன்றிருக்கும். சுற்றிலும் இரத்த அணுக்கள் குவிந்திருக்கும். சீவலை ஒட்டிய இப்படியொரு கண்ணாடித் தகட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. ஓடு உறுதியாகவே இருக்கும், தொட்டால் மூடிக்கொள்ளும், சந்தைக்கும் வந்துவிடும். உள்ளே மட்டும் அரைப்பட்டினி. மட்டி செத்து மிதந்தால்தான் தண்ணீர் கெட்டது என்று நினைப்பவர்களிடம் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் பட்டினியும் கன உலோகங்களும்கூட இதே தடயங்களை விடும். எந்த மருந்து என்று தகடு சொல்லாது. சுத்தமான நீரில் வளர்ந்த மட்டியோடு ஒப்பிட வேண்டும், இரசாயனப் பரிசோதனையும் வேண்டும்.

மரியம், காயல்பட்டினம்: ஓட்டை மூடிக்கொண்டு தப்பிக்க முடியாதா?

கொஞ்ச நேரம் முடியும். மூடியிருக்கும்வரை இரையும் இல்லை, புது நீரும் இல்லை. உடலில் உள்ள சேமிப்பு கரையும். மருந்து நாள் கணக்கில் தங்கினால் திறந்துதான் ஆக வேண்டும்.

ஜோசப், ஆலப்புழை: வேம்பநாட்டுக் காயலில் கருமட்டி குறைந்ததற்குக் குட்டநாட்டு மருந்துதானே காரணம்?

பங்கு உண்டு, முழுப் பழியும் அதற்கல்ல. குட்டநாட்டு வயல்கள் பல, கடல் மட்டத்துக்கும் கீழே கிடப்பவை. வயல் நீரை இறைத்துக் காயலில்தான் விடுகிறார்கள், அதோடு மருந்தும் உரமும் வருகின்றன. உப்புநீர் ஏறாமலிருக்கக் கோடையில் தண்ணீர்முக்கம் தடுப்பணையின் கதவுகளை மூடுவதால், தெற்குப் பக்கம் ஓதம் வந்து கழுவிப் போவதில்லை. கருமட்டி இனம் பெருக்கச் சற்றே உப்பும் தேவை. அதே கதவு அதையும் தடுத்துவிடுகிறது. இரண்டு அடியும் ஒரே உடம்பில் விழுகின்றன.

கீதா, சென்னை: நன்றாக வேகவைத்தால் மருந்து போய்விடுமா?

கிருமி சாகும். கொழுப்பில் தங்கிய டி.டி.டி. போன்றவை வெந்தாலும் போகாது. ஓரிரு நாள் நல்ல நீரில் விட்டுவைப்பது மணலுக்கும் கிருமிக்கும் உதவும், இதற்கு உதவாது. வயல் வடிகால் விழும் இடத்தில் எடுத்த மட்டியை வாங்காதீர்கள்.

முருகன், தூத்துக்குடி: மருந்தை நிறுத்தினால் திசு தேறுமா?

தேறும். வயல் மருந்தல்ல, வேறு நஞ்சுதான், ஆனாலும் ஒரு சான்று சொல்கிறேன். பிரான்சின் ஆர்க்காஷோன் விரிகுடாவில், படகின் அடியில் பாசியும் கொட்டலசும் ஒட்டாமலிருக்கப் பூசிய வண்ணத்தில் டி.பி.டி. என்ற நஞ்சு இருந்தது. அது கரைந்து, ஆளிகளின் ஓடு அடுக்கடுக்காகப் பிளந்து பந்துபோல் தடித்தது. அடுக்குகளுக்கிடையே கூழ் நிறைந்தது. 1970களின் பிற்பாதி முதல் பல ஆண்டுகள் குஞ்சுகளே சரியாக ஒட்டிப் பிடிக்கவில்லை. 1982இல் சிறு படகுகளுக்கு அந்த வண்ணத்தைப் பிரான்ஸ் தடை செய்தது. அதன்பின் ஓட்டின் கோணல் குறைந்தது, வளர்ப்போர் நீரில் போட்ட கூரை ஓடுகளில் குஞ்சுகள் மறுபடி ஒட்டத் தொடங்கின.